முகவரி என்னும் கட்டம்

'வேர்ல்ட்கான்' எனப்படும் உலக அறிவியல் புனைகதை மாநாடு 1939-இல் நியூயார்க்கில் முதன்முதலாகக் கூடியது. அதற்கு நிரந்தரமான ஊர் கிடையாது. இரண்டு ஆண்டுகள் கழித்து எங்கே கூடுவது என்பதை அந்தந்த மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது வாசகர்கள், வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். போட்டியிடும் ஊர்களின் ரசிகர்கள் முந்தைய மாநாடுகளில் விருந்து வைத்து ஆதரவு திரட்டுவார்கள். வாக்குச்சீட்டில் 'மேற்கண்ட எதுவும் வேண்டாம்' என்ற வரியும் உண்டு. நமது தேர்தல்களுக்கு நோட்டா 2013-இல்தான் வந்து சேர்ந்தது என்பது வேறு விஷயம்.

2021 டிசம்பரில் வாஷிங்டனில் நடந்த வாக்கெடுப்பைப் பற்றி நான் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 2023-ஆம் ஆண்டு மாநாட்டுக்குக் கனடாவின் வின்னிபெக்கும் சீனாவின் செங்டுவும் போட்டியிட்டன. அதற்கு முன் ஆசியாவில் ஒரே ஒருமுறை, 2007-இல் யோகோஹாமாவில், இம்மாநாடு நடந்திருந்தது. செங்டுவோ 'சயின்ஸ் ஃபிக்‌ஷன் வேர்ல்ட்' என்னும் சீன இதழ் வெளியாகும் ஊர். லியூ சிஷினின் மூவுடல் நாவல் 2006-இல் அவ்விதழில்தான் தொடராக வந்தது. அதன் வாசகர்கள் ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வாக்களித்தார்கள். மாநாட்டு ஆதரவு உறுப்பினராக 50 டாலர், வாக்குக் கட்டணம் இன்னொரு 50 டாலர்; நம் கணக்கில் அன்று ஏறக்குறைய 7,500 ரூபாய். ஒரு வாக்குக்கு!

சிக்கல் முகவரிக் கட்டத்தில் எழுந்தது. சீனத்திலிருந்து வந்த சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் தெருவும் கதவு எண்ணும் இல்லை. மின்னஞ்சல் முகவரி மட்டுமே இருந்தது. அவற்றை விருப்பம் தெரிவிக்காத சீட்டுகளாகக் கருத வேண்டும் என்று உறுப்பினர் கூட்டம் 47-க்கு 30 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. அது வெறும் பரிந்துரை என்பதால் சீட்டுகள் எண்ணப்பட்டன. செங்டு 2,006, வின்னிபெக் 807.

அச்செய்தியைப் படித்த இரவு அந்தப் படிவத்தைப் பார்த்தபடி என் முகவரியை மனத்துக்குள் எழுதிப் பார்த்தேன். நான் வசிப்பது காலாப்பட்டில். ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆனால் நகரத்திலிருந்து இங்கே வரக் கோட்டக்குப்பத்தைக் கடக்க வேண்டும், அது தமிழ்நாடு. என் தெருவுக்குப் பெயர் உண்டா என்பதில் அயலாருக்குள்ளேயே கருத்து வேறுபாடு. கதவு எண் பழையது ஒன்று, புதியது ஒன்று. புத்தகப் பொதி கொண்டுவரும் கூரியர் பையன் எதையும் படிப்பதில்லை, கைபேசியில் அழைத்து, "சார், ஈ.சி.ஆருக்கு வந்து நில்லுங்க" என்பான். பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரே நின்று எத்தனை நாவல்களைப் பெற்றிருக்கிறேன்! என்னைக் கண்டடைய உதவுவது எண்தான், தெரு அல்ல. வின்னிபெக் வாசகருக்கு இது போலி வாக்காளரின் அடையாளமாகத் தோன்றக்கூடும்.

எதிர்த்தரப்பின் ஐயத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஒருவரே நூறு சீட்டு போடாமலிருக்க ஏதேனும் சான்று வேண்டும்தானே? 2023 அக்டோபரில் நடந்த செங்டு மாநாடு பிறகு அவப்பெயரையும் தேடிக்கொண்டது. 2024 ஜனவரியில் ஹியூகோ விருதுக் கணக்குகள் வெளியானபோது, ஆர். எஃப். குவாங்கின் 'பேபெல்' உள்ளிட்ட சில படைப்புகள் காரணம் கூறப்படாமலே தகுதியற்றவையென நீக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. "அன்றே சொன்னோமே" என்றார்கள் பலர். ஆனால் அடுத்த மாதம் கசிந்த மின்னஞ்சல்கள், எழுத்தாளர்களின் அரசியல் கருத்துகளைத் துருவித் தொகுத்துக் கொடுத்தவர்கள் மேற்கத்திய விருது நிர்வாகிகள் என்று காட்டின. அவர்களுக்கெல்லாம் ஒழுங்கான தெரு முகவரி இருந்திருக்கும். வாக்களித்த சீன வாசகன் இதில் செய்த குற்றம் என்ன என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நம் பக்கம் பார்த்தால், இந்தச் சண்டைக்கே வழியில்லை. உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரிலும் 1968-இல் சென்னையிலும் நடந்தது. 1970-இல் பாரிஸில் கூடியதற்குப் புதுவையோடு ஓர் உறவு உண்டு: அம்மாநாட்டின் பின்னிருந்த ழான் ஃபில்லியோசா 1955-இல் இங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர். பின்னர் யாழ்ப்பாணம், மதுரை, மொரீஷியஸ், தஞ்சாவூர். இவற்றுள் எந்த ஊரையும் வாசகர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அறிஞர்களும் அரசுகளும் பேசி முடித்தார்கள். கால அவகாசம் போதாது என்று நொபொரு கராஷிமா தலைமையிலான ஆராய்ச்சி மன்றம் இணங்காதபோது, அரசு வேறு பெயரில் 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாட்டை நடத்தியது. அலங்கார ஊர்திகளைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. அடுத்தது எந்த ஊரில் என்று அக்கூட்டத்தில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை.

நூறு டாலர் எனக்கு அதிகம்தான். இருந்தும் சுஜாதாவைப் படித்து வளர்ந்த நாலு நண்பர்களிடம் செலவைப் பங்கிட்டு, ஒருவர் பெயரிலாவது ஒரு வாக்குப் போடலாம் என்று சொல்லி வருகிறேன். யார் பெயரில் என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. கதவு எண் தெளிவாக உள்ளவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் படிப்பது முழுக்கத் துப்பறியும் கதைகள்.