கூண்டோடு வந்த விருந்தாளி

வெள்ளவத்தையில் எமது தொடர்மாடியின் மேல்வீட்டார் வெளிநாடு புறப்பட்டபோது விட்டுச்சென்ற கூண்டொன்று எம்மிடம் வந்துசேர்ந்தது. உள்ளே பொன்னிற ஹாம்ஸ்டர் ஒன்று, எலும்புந்தோலுமாகச் சுருண்டு கிடந்தது. கிண்ணம் நிறையத் தானியம் இருந்தது, உண்ணத்தான் இயலவில்லை. இப்பிராணிகளின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. கொறிக்க மரத்துண்டுகூட இல்லாத அக்கூண்டில் அவை வளைந்து வளர்ந்து உதட்டைக் குத்தியிருந்தன. தண்ணீர்ப் போத்தலின் குழாயும் அடைபட்டிருந்தது. மேல்வீட்டார் கொடியவர்கள் அல்லர். தானியம் இட்டார்கள், குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மிருக வைத்தியர் பற்களைக் கத்தரித்துச் சீராக்கினார். கரைத்த ஓட்ஸை ஊசியில்லாத சிரிஞ்சினால் இரண்டு மணிக்கொரு தடவை துளித்துளியாக ஊட்டினோம். பத்திரிகை அலுவலக இரவுப்பணியில் ஊறிய எனக்கு விழித்திருப்பது சிரமமன்று, அதுவும் இரவுப்பணிக்காரர்தானே!

1930இல் சிரியாவின் அலெப்போ அருகே பிடிக்கப்பட்ட ஒரு தாயினதும் அதன் குட்டிகளினதும் வழித்தோன்றல்களே இன்று வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களிற் பெரும்பாலானவை. அந்த வமிசத்துப் பிள்ளையொன்று எமது சமையலறையில் பட்டினியாற் சாகக்கூடாதென்று மனைவிக்கு ஒரே பிடிவாதம்.

ஒன்பதாம் நாளிரவு, கன்னப்பைகள் புடைக்கச் சூரியகாந்தி விதைகளை அள்ளிச்சென்று மூலையில் ஒளித்துவைத்தது. காலையில் மனைவி எண்ணிப் பார்த்தாள்: 11 விதைகள்.