எல்லை தாண்டினா பேர்தான் மாறும்! திருத்தணி ட்ரிப்புக்கு எடுத்துட்டுப் போக 4 விளையாட்டுகள்

சென்னையிலிருந்து திருத்தணிக்கு சுமார் 85 கிலோமீட்டர். அரக்கோணம் வழியாக மின்சார ரயிலிலேயே போய்விடலாம். திருத்தணியைத் தாண்டி அதே தண்டவாளத்தில் இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் பொன்பாடி. தமிழ்நாடு அங்கே முடிகிறது. அடுத்த ஸ்டேஷனின் பெயர் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டா. ஒரே மூச்சில் படித்தீர்களா? இந்திய ரயில்வேயின் மிக நீளமான பெயர்ப் பலகைகளில் அதுவும் ஒன்று. பொன்பாடியில் தமிழ், அடுத்த ஸ்டேஷனில் தெலுங்கு. நடுவில் சில நிமிடப் பயணம்தான்.

முருகனின் ஐந்தாம் படைவீடு என்பதால் திருத்தணிக்குப் பெரும்பாலும் குடும்பத்தோடுதான் போவோம். பாட்டி, அத்தை, வாண்டுகள் எல்லாரும் வருவார்கள். சாமி தரிசனம், தங்குமிடம், ரயில் என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கவும் வேண்டும். அந்த நேரத்தில் ஆளுக்கொரு போனோடு மூலைக்கு ஒருவராக உட்கார்ந்துவிடுகிறோம். அதற்குப் பதிலாகப் பையில் போட்டு எடுத்துப்போக நான்கு விளையாட்டுகளைச் சொல்கிறேன். நான்குக்கும் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் ஒரு பெயர். இந்த ஊருக்குப் பொருத்தமான விளையாட்டுகள்!

இரண்டு மாநிலங்கள் கேட்ட ஊர்

1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சிவஞானம் தலைமையில் வடக்கு எல்லைப் போராட்டம் நடந்தது. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு படாஸ்கர் பரிந்துரைப்படி 1959-ல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்கு இங்கிருந்து சில பகுதிகள் ஆந்திராவுக்குப் போயின.

தாலுகாக்களைக் கோடு போட்டுப் பிரித்துவிடலாம். வீட்டுக்குள் பேசும் பேச்சை அப்படிப் பிரிக்க முடியாது. திருத்தணியில் 1888-ல் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரானார். இன்றைக்கும் கடைவீதியில் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, மறுபடி தமிழில் காசு கொடுப்பவர்களைப் பார்க்கலாம். விளையாட்டும் அப்படித்தான். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தாயம்... அந்தப் பக்கம் அஷ்டா சம்மா

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, ஒரு சாக்பீஸ், ஆளுக்கு நாலு காய். இவ்வளவுதான் தேவை. கட்டையில் 0, 1, 2, 3 என்று புள்ளிகள் இருக்கும். ஒன்று விழுந்தால் தாயம். தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடியும் உருட்டலாம். எதிராளியின் காய் நிற்கும் கட்டத்துக்கு நம் காய் போனால் வெட்டு. வெட்டுப்பட்ட காய் வீட்டுக்குத் திரும்பி முதலிலிருந்து வரவேண்டும். பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் நின்றால் யாரும் வெட்ட முடியாது. அந்தக் கட்டத்துக்குப் பல ஊர்களில் 'மலை' என்று பெயர். சுற்றி முடித்து நடுவுக்கு வந்துவிட்டால் பழம்!

உலகைச் சுற்றி வந்தும் பழம் கிடைக்காமல் முருகன் கோபித்துக்கொண்ட கதை பழநியில். அவர் கோபம் தணிந்து நின்ற கதைதான் தணிகையில். அதனால் வெட்டுப்பட்டு முகம் சிவப்பவர்களுக்கு இது சரியான ஊர்.

நகரி, புத்தூர்ப் பக்கம் போனால் இதன் தம்பி இருக்கிறது. பெயர் அஷ்டா சம்மா. ஐந்துக்கு ஐந்து கட்டம், கட்டைக்குப் பதில் நாலு சோழி. நாலும் மல்லாந்தால் சம்மா, அதாவது 4. நாலும் கவிழ்ந்தால் அஷ்டா, அதாவது 8. இரண்டுக்கும் மறு ஆட்டம் உண்டு. நடிகர் நானி அறிமுகமான 2008 தெலுங்குப் படத்தின் பெயரும் இதுதான். சோழி இல்லையென்றால் புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் இருந்து நேரமும் நிறைய இருந்தால் தாயம். அரை மணி நேரம்தான் என்றால் அஷ்டா சம்மா.

2. ஆடு புலி ஆட்டம்... அந்தப் பக்கம் புலி மேக

புலி இரண்டு மொழியிலும் புலிதான். ஆடு மட்டும் எல்லை தாண்டியதும் 'மேக' ஆகிவிடுகிறது. முக்கோணமும் குறுக்குக் கோடுகளும் கொண்ட கட்டம், கோடுகள் சேரும் 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. முதலில் ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்கவேண்டும். 15-ம் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது. புலியோ இடையிலேயே நகரலாம். ஆட்டுக்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். புலிகள் எந்தப் பக்கமும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

இதில் தாயக்கட்டையும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. 'நான் சின்னப் புள்ள, எனக்கு விட்டுக்கொடுங்க' என்ற பேச்சும் செல்லாது. ஒரு சின்ன டிப்ஸ்: ஆடு ஆடுபவர்கள் முதல் சில ஆடுகளைக் கட்டத்தின் ஓரத்தில் வையுங்கள். ஓரத்து ஆட்டுக்குப் பின்னால் புள்ளி இல்லாததால், வெளிப்பக்கமாக அதைத் தாண்ட முடியாது. தாத்தாவும் பேரனும் எதிரெதிரே உட்கார இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

3. பல்லாங்குழி... அந்தப் பக்கம் வாமன குண்டலு

பக்கத்துக்கு 7 என்று 14 குழிகள். குழிக்கு 5 அல்லது 6 முத்து. சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி என எதுவானாலும் சரி. நம் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வரிசையாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதோடு அந்த ஆட்டம் முடியும். ஆடும்போது ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்தால் அது 'பசு'. அந்தக் குழிக்காரருக்குச் சொந்தம். ஆப்பிரிக்காவில் மங்காலா என்ற பெயரில் ஆடுவதும் இந்தக் குடும்பத்து விளையாட்டுதான்.

சீர்வரிசையில் பல்லாங்குழி வைக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. எங்கள் வீட்டிலும் பாட்டிக்கு அப்படி வந்த மரப் பல்லாங்குழி இருக்கிறது. அதில் அவர் தனியாக உட்கார்ந்து சீதைப் பாண்டி ஆடுவார். அசோகவனத்தில் சீதை தனியாக ஆடியது என்று சொல்லப்படும் ஆட்டம். பாட்டி போன பிறகு, அதை முழுசாக ஆடத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் யாருமில்லை. பலகை இருக்கிறது, முத்துகளும் எண்ணிக்கை குறையாமல் இருக்கின்றன. ஆட்டம் மட்டும் இல்லை.

4. பரமபதம்... அந்தப் பக்கம் வைகுண்டபாளி

பாம்பு, ஏணி எல்லாருக்கும் தெரியும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடும் ஆட்டம். நல்லது செய்தால் ஏணி, கெட்டது செய்தால் பாம்பு. உச்சியில் பரமபதம். 1890-களில் இங்கிலாந்துக்குப் போய் வண்ண அட்டையில் வேறு பெயரோடு விற்பனைக்கு வந்தது. பச்சீசியும் கப்பலேறியது. அதைச் சுருக்கித்தான் 1896-ல் அங்கே லூடோவுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அந்த லூடோவைத்தான் 2020 லாக்டவுனில் நாம் ஆப்பில் ஆடித் தீர்த்தோம்.

எழுதப் படிக்க இப்போதுதான் கற்கும் குழந்தைகள் இருந்தால் முதலில் இதை எடுங்கள். பழைய படங்களில் கட்டத்துக்குள் பெயர்கள் எழுதியிருக்கும். பாம்பு கொத்தும்போது அந்தப் பெயருக்கான கதையைப் பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். ஆட்டம் அங்கேயே நின்று கதை ஓடத் தொடங்கிவிடும்.

பிளாட்பாரத்தில் ஒரு பஞ்சாயத்து

போன மாதம் அம்மா, அத்தை, தோழி ஒருத்தி, நான் என நாலு பேரும் திருத்தணி போயிருந்தோம். திரும்பும்போது ரயிலுக்கு நேரமிருந்தது. பிளாட்பாரத்தில் துணிக் கட்டத்தை விரித்துத் தாயம் உருட்டினோம். நகரிக்குப் போகக் காத்திருந்த ஒரு பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நானும் வரட்டாம்மா?" என்று கேட்டு, தோழியின் காய்களை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது சுற்றில் அவருக்கு நாலு விழுந்தது. காயை நகர்த்திவிட்டு மறுபடி கட்டையை எடுத்தார்.

"நாலுக்கு மறு ஆட்டம் கிடையாது பெரியம்மா" என்றார் அம்மா.

"ஏன் இல்ல? சம்மா விழுந்தா போடணும்மா. எங்க ஊட்ல அப்படித்தான்."

"அது சோழியிலதானே? இது தாயக்கட்டை!"

"கட்டையோ சோழியோ, நாலு நாலுதானே!"

அம்மா விடவில்லை, பெரியம்மாவும் விடவில்லை. பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்தார்கள். கடைசியில் அத்தைதான் தீர்ப்பு சொன்னார். "இந்த ஆட்டம் எங்க ஊரு ரூல், அடுத்த ஆட்டம் உங்க ஊரு ரூல். சரியா?" எல்லைத் தகராறு ஒரு நிமிடத்தில் முடிந்தது. அடுத்த ஆட்டம் பாதியில் இருக்கும்போதே வடக்கே போகும் ரயில் வந்துவிட்டது. "என் காய் மலையிலதான் நிக்குது, யாரும் வெட்ட முடியாது" என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா ஏறிப் போனார்.

நாலுக்கு மறு ஆட்டம் உண்டா என்பதை அட்டையில் அச்சடித்து யாரும் தருவதில்லை. அது ஒவ்வொரு வீட்டு வழக்கம். அந்த வழக்கம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்வரைதான் இந்த வாக்குவாதமும் இருக்கும்.

எப்போது போகலாம், எங்கே ஆடலாம்?

மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகச் சொல்வார்கள். வண்டியில் மேலேயே போய் இறங்கச் சாலையும் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடிகள் வரும், கூட்டம் அலைமோதும். டிசம்பர் 31 படித்திருவிழாவில் படிக்குப் படி மஞ்சள், குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே ஏறுவார்கள். இந்த இரண்டு நாள்களிலும் கட்டம் விரிக்க இடம் தேடாதீர்கள். சாதாரண நாளில் காலையில் ஏறி, தரிசனம் முடித்து, வெயிலுக்கு முன் இறங்கிவிட்டால் மதியம் முழுக்க உங்களுடையது. தங்கியிருக்கும் அறை, அடிவாரத்தில் சரவணப் பொய்கைப் பக்கத்து நிழல், ரயில்வே பிளாட்பாரம் எல்லாம் வசதிதான். சந்நிதிப் பக்கமும் ஏறும் படிகளிலும் வேண்டாம். அடுத்தவர்களுக்கு இடைஞ்சல்.

மரப் பலகைகள் கனக்கும். சென்னையில் கிரீடா போன்ற நிறுவனங்கள் பழைய விளையாட்டுகளைப் புதிதாகத் தயாரித்து விற்கின்றன. வாங்க வேண்டுமென்றுகூட இல்லை. பழைய வேட்டித் துணியில் ஒரு பக்கம் தாயக் கட்டம், மறுபக்கம் ஆடு புலிக் கட்டம் வரைந்து, ஒரு பிடி புளியங்கொட்டையோடு சுருட்டினால் கைப்பைக்குள் அடங்கிவிடும். பல்லாங்குழிக்கு 14 காகிதக் கப் போதும்.

இன்னொரு விஷயம். சூரனை வென்ற கோபம் தணிந்த தலம் என்பதால், கந்த சஷ்டிக்குத் திருத்தணியில் சூரசம்ஹாரம் நடப்பதில்லை. அன்றைக்கு மலர் அர்ச்சனைதான். அங்கே போய்க் கட்டம் விரிக்கும்போது தோற்றவர்கள் கோபித்துக்கொண்டு கட்டத்தைக் கலைக்கக்கூடாது என்பதை முதல் ரூலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ரூல், ஆடும்போது போனைக் கையில் எடுக்கலாம். ஆனால், ஒரே ஒரு வேலைக்குத்தான். உங்கள் வீட்டுப் பாட்டியோ அத்தையோ எப்படி ஆடுகிறார்கள், எந்த எண்ணுக்கு மறு ஆட்டம் தருகிறார்கள், வெட்டும்போது என்ன சொல்லிக் கத்துகிறார்கள் என்பதை ஒரு வீடியோ எடுத்துவையுங்கள். பாட்டிக்கு சீதைப் பாண்டி ஆடத் தெரியுமென்றால், அதை முதலில் எடுங்கள்.