பத்து மணிக் கணக்கு

அம்மா எங்களோடு கோவைக்கு வந்து தங்கிய முதல் வாரம் அது. வெள்ளிக்கிழமை, மாலை ஏழு மணி. மறுநாள் இட்லிக்கு ஊறிய அரிசியைக் கிரைண்டரில் அள்ளிப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். கல் நாலு சுற்று சுற்றியிருக்காது. உள்ளே இருந்து வந்த அம்மா சுவிட்சை அணைத்துவிட்டார்.

"விளக்கு வெச்சதுக்கப்புறம் கிரைண்டர் போடக் கூடாது கண்ணு. பத்து மணி ஆகட்டும்."

சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சுதான். அந்தி நேரத்தில் வீடு கூட்டாதே, நகம் வெட்டாதே, உப்புக் கடன் கொடுக்காதே என்ற வரிசையில் இதையும் நான் சேர்த்து வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. மற்ற விலக்குகளுக்கெல்லாம் முடிவு நேரம் கிடையாது. இதற்கு மட்டும் பத்து மணி என்று ஒரு கெடு இருக்கிறது. மகாலட்சுமி பத்து மணிக்கு டியூட்டி முடித்துக் கிளம்புவாளா என்ன?

ஊருக்குப் போனபோது விசாரித்தேன். எங்கள் ஊர் பொள்ளாச்சிப் பக்கம். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் பக்கத்து வீதியில் இருக்கிறார். கேட்டதும் சிரித்தார். "அது சாமிக் குத்தமில்ல மாப்பிள்ளை, காயில் குத்தம்."

எங்கள் வீடு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசிக் கம்பம். பொழுது சாய்ந்து ஊரே சுவிட்சைப் போட்டதும், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் வோல்டேஜ் சரிந்துவிடும். கம்பி நீளம், இழுக்கிற கரண்ட் அதிகம். வழியிலேயே வோல்டேஜைத் தின்றுவிடும். குண்டு பல்பு தணல் மாதிரி சிவக்கும், டியூப் லைட் கண்ணடித்துக்கொண்டே கிடக்கும். இதெல்லாம் எனக்கே நினைவிருக்கிறது. தெரியாதது மோட்டார் கணக்கு. மோட்டாரின் திருப்புவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப ஏறி இறங்கும். வோல்டேஜ் இருபது சதவீதம் குறைந்தால் விசை முப்பத்தாறு சதவீதம் போய்விடும். அரிசியும் கல்லுமாகக் கனக்கிற சட்டியை அந்த விசையால் நகர்த்த முடியாது. மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். நிற்கிற மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். அடுத்த நிமிடம் கருகல் வாடை. காயில் கட்டக் கொடுத்தால் ஒரு வாரத்துக்குக் கிரைண்டர் வராது.

"பத்து மணிக்கு மேல ஊர் அடங்கிரும், லைன் நிமிந்துக்கும்" என்றார் மாமா.

இத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் மாமா சொன்னது எங்கள் கம்பத்தின் கதை. எங்கள் வீதியில் ஆறு முதல் பத்து வரை நடந்ததுதானே மாநிலம் முழுக்கவும் நடந்திருக்கும்? இந்த நாலு மணி நேரத்தை முதலில் கவனித்தவர் யார் என்று பழைய மின்பொறியியல் புத்தகங்களைப் புரட்டினேன். அது என்னை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் விட்டது.

ஜான் ஹாப்கின்சன் மான்செஸ்டரில் பிறந்த பொறியாளர். 1892இல் மின்சாரம் வழங்க ஆகும் செலவைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். கல்யாண வீட்டோடு ஒப்பிட்டால் அவர் சொன்னது நமக்குச் சட்டென்று விளங்கும். ஐந்நூறு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தாக வேண்டும் என்றால் ஐந்நூறு பேருக்கு மேசை நாற்காலி வேண்டும், பரிமாற அத்தனை ஆள் வேண்டும். நூறு நூறு பேராக ஐந்து பந்தி என்றால் சாப்பாட்டுச் செலவு அதேதான். மேசையும் ஆளும் ஐந்தில் ஒரு பங்கு போதும். மின்நிலையமும் அப்படித்தான். எரிகிற நிலக்கரி ஒரு செலவு. எல்லாரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போடும் அந்த ஒரு மணி நேரத்துக்காக வருடம் முழுக்கக் காத்து நிற்கும் இயந்திரம் வேறு செலவு. இரண்டையும் தனித்தனியாக வசூலிக்க வேண்டும் என்றார் அவர். ஆறு வருடம் கழித்து ஆல்ப்ஸ் மலை ஏறும்போது மகனோடும் இரண்டு மகள்களோடும் விழுந்து இறந்துபோனார். கட்டணப் பட்டியலின் வேரைத் தேடிப் போனவன் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அவர் சொன்னதை அளந்து காட்டக் கருவி செய்தவர் பிரைட்டன் நகரின் ஆர்தர் ரைட். கண்ணாடிக் குழாய், உள்ளே திரவம். கரண்ட் ஏற ஏறச் சூட்டில் காற்று விரிந்து திரவத்தைத் தள்ளும்; அது வழிந்து பக்கத்துக் குழாயில் விழுந்து அப்படியே நிற்கும். மாதக் கடைசியில் பார்த்தால், அந்த வீடு அதிகபட்சமாக எவ்வளவு இழுத்தது என்று தெரிந்துவிடும். எடிசனிடம் செயலாளராக இருந்து, பிறகு சிகாகோவில் மின் நிறுவனம் நடத்திய சாமுவேல் இன்சல் 1894இல் பிரைட்டன் போனபோது சின்னக் கடைகளில்கூட மின்விளக்கு எரிவதைக் கண்டு விசாரித்து, இந்தக் கணக்கை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்.

அந்தக் கண்ணாடிக் குழாயின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குக் கோவை மில்களின் வாசலில் மாட்டியிருக்கின்றன. உயரழுத்த இணைப்பு வாங்கிய ஆலைகளுக்கு, 2022ஆம் ஆண்டு கட்டண ஆணைப்படி காலை 6 முதல் 10 வரையிலும் மாலை 6 முதல் 10 வரையிலும் எரிக்கும் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மாவின் பத்து மணி அச்சாகி இருக்கிறது!

வேடிக்கை என்னவென்றால், வீட்டு மீட்டருக்கு நேரம் தெரியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர் எத்தனை யூனிட் என்று பார்ப்பாரே தவிர, எப்போது என்று கேட்க மாட்டார். ஏழு மணிக்கு அரைத்தாலும் பதினொரு மணிக்கு அரைத்தாலும் ஒரே காசுதான். மாலை நெருக்கடியின் செலவை வேறு யாரோ சுமக்கிறார்கள். சில சமயம் ஒரு மலையே சுமக்கிறது.

வால்பாறைக்குப் போகும்போதெல்லாம் ஆழியாறைத் தாண்டி வளைவுகளில் ஏறியிருக்கிறேன். அந்த ஆனைமலைக்குள் குடைந்து கடம்பாறை நீரேற்று மின்நிலையம் இருப்பது பெயரளவில்தான் தெரியும். தலா 100 மெகாவாட்டில் நான்கு இயந்திரங்கள், 1987க்கும் 1989க்கும் இடையில் ஓடத் தொடங்கியவை. தேவை குறைந்த நேரத்தில் மேல் ஆழியாறு அணைத் தண்ணீரைக் கடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். தேவை எகிறும்போது அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். இந்த மாதிரி நிலையங்களில் நூறு யூனிட் செலவழித்து ஏற்றினால் எழுபது, எண்பது யூனிட்தான் திரும்பும். நஷ்டம் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். மாலை நேர யூனிட்டுக்கு அத்தனை மதிப்பு.

2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதில் கடம்பாறையின் முழுத் திறனும் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் 400 மெகாவாட் என்பது வேறொரு கணக்கில் இரண்டு லட்சம் கீசர்கள். ஒரு கீசர் 2,000 வாட். இரண்டு லட்சம் வீடுகள் ஒரே சமயத்தில் அதைப் போடாமல் இருந்தால் ஒரு கடம்பாறை மிச்சம்.

இதற்கப்புறம் என் வீட்டையே ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். மாலையில் எரியும் ஆறு எல்.இ.டி. பல்பும் சேர்ந்து 54 வாட். மகன் ஐந்து நிமிடம் விளக்கை அணைக்க மறந்தால் நான் கத்துகிற கத்தலுக்கு, அதே நேரத்தில் ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தது நான்தான். இண்டக்‌ஷன் அடுப்பு, தொட்டி நிரப்பும் ஒரு குதிரைசக்தி மோட்டார், ஒன்றரை டன் ஏசி எல்லாமே ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில். "மின்சாரம் சேமிப்பீர்" என்று பல்பு படம் போட்ட ஸ்டிக்கரைப் பார்த்தால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. பல்பு எப்போதோ திருந்திவிட்டது.

நாமாகக் குறைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் புதிதில்லை. 2012இல் எங்கள் பக்கம் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. அப்போது உச்ச நேரத்தை யாரும் விளக்கத் தேவைப்படவில்லை.

இவ்வளவையும் சேர்த்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். காயில் கதை, பிரைட்டன், கடம்பாறை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"காயிலா? அதெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. அப்ப நம்ம வீதியிலயே டி.வி. மேக்கால வீட்டு அத்தை வீட்லதான். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பாக்க வீதியே அங்க உக்காந்திருக்கும். நான் கிரைண்டரைப் போட்டதும் படம் நாலு பக்கமும் சுருங்கிப் போச்சாம். எம்.ஜி.ஆர். குள்ளமாயிட்டாருன்னு பத்துப் பேரு சண்டைக்கு வந்துட்டாங்க. அன்னைக்கு விட்டதுதான்."

குறைந்த வோல்டேஜில் பழைய டி.வி.யின் படம் சுருங்கும் என்பது உண்மை. மாமாவின் காயிலும் பொய்யில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சட்டம் பிறந்தது அந்த வெள்ளிக்கிழமையில்.

விடவில்லை நான். பத்து மணிக்கு ஊர் அடங்கும் என்பது ஏசி வராத காலத்துக் கணக்கு, இப்போது மே மாதத்தில் அந்த நேரத்தில்தான் படுக்கையறைகள் விழிக்கின்றன என்றேன். பகலில் சூரிய மின்சாரம் தாராளமாக வருகிறது. 2023இல் ஒன்றிய அரசு திருத்திய விதிகளின்படி, ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டால் வெயில் நேர யூனிட்டுக்குக் குறைந்தது இருபது சதவீதம் சலுகை, உச்ச நேரத்தில் வீடுகளுக்கும் குறைந்தது பத்து சதவீதம் கூடுதல் என்று விளக்கினேன். இனிமேல் மத்தியானம் ஒரு மணிக்கு அரைப்பதுதான் சரி என்று முடித்தேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு மணிக்கா? அது நான் கண்ணசர்ற நேரம். நீ வந்து அரைப்பியா?"