பிந்தி வந்த ரயில்

திருச்சியிலிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரை செல்லும் ரயில் பாதை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். 1929-இல் புதுக்கோட்டை வரை வந்து, 1930-இல் மானாமதுரையைத் தொட்டது. அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தாரின் பணம் தேக்காகவும் பளிங்காகவும் செட்டிநாட்டு மண்ணில் வந்து இறங்கிய காலம் அப்போது முடியத் தொடங்கியிருந்தது. உலகப் பெருமந்தத்தில் அரிசி விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் வயல்கள் வட்டிக்குக் கடன் கொடுத்த நகரத்தார் கைக்கு வந்தன. 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. 1948-இல் பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. செல்வம் வடியத் தொடங்கிய ஊருக்குத்தான் ரயில் வந்தது. அதற்குப் பிறகு காரைக்குடி செய்துகொண்டதுதான் அதன் உண்மையான வரலாறு என்பேன்.

புதுக்கோட்டை தாண்டினால் செம்மண்ணும் முட்காடும். திருமயத்தில் பாறைமேல் ராமநாதபுரம் சேதுபதி 1687-இல் கட்டிய கோட்டை கண்ணில் படும். தீரர் சத்தியமூர்த்தி பிறந்தது இந்த ஊரில்தான்.

அடுத்து, பெயர்ப்பலகையில் 'செட்டிநாடு' என்றிருக்கும், இறங்கினால் கானாடுகாத்தான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை இங்கே. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி. வளவைச் சுற்றி ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும் ஓர் அறை. கல்யாணம், சாந்தி, படைப்பு என்றால் எல்லாரும் கூடுவார்கள். மற்ற நாளில் காவலுக்கு ஓர் ஆள். நான்கைந்து தலைமுறை கழிந்தால் ஒரே வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். ஓடு மாற்றக்கூட எல்லாரும் சம்மதிக்க வேண்டும். இடிப்பதற்கு மட்டும் எப்படியோ சம்மதம் கூடிவிடுகிறது.

கோட்டையூர் சின்ன நிலையம்தான். ஆனால் இரண்டு பெரிய மனிதர்களின் ஊர். ரோஜா முத்தையா இங்கே உட்கார்ந்து பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் நோட்டீசுகளையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரம் சென்னைக்குப் போய் ஆராய்ச்சி நூலகமானது. இன்னொருவர் அழகப்பச் செட்டியார்.

காரைக்குடி நிலையத்துக்கு வருகிறவர்கள் அவர் கொடுத்ததைத்தான் முதலில் பார்க்கிறார்கள். 1947-இல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். ஊரார் அந்த ஆய்வகத்தைச் 'சிக்ரி' என்பார்கள். 1957-இல், 48-வது வயதில் அழகப்பர் மறைந்தார். அவர் பெயரில் 1985-இல் பல்கலைக்கழகம் வந்தது. சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகமும், அவர் முயற்சியில் உருவான தமிழ்த்தாய் கோயிலும் இந்த ஊரின் இன்னொரு முகம். விடிவதற்கு முன் சென்னைக்குக் கிளம்பும் பல்லவன் ரயிலில் இன்று மாணவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். 2024-இல் ஊர் மாநகராட்சி ஆனது.

பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் மட்டும் மனசு கனக்கிறது. பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் இவற்றோடு பர்மா தேக்குத் தூண்களும் வேலைப்பாடான நிலைகளும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நிலைக்கும் பின்னால் இல்லாமல் போன ஒரு வீடு இருக்கிறது. கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். இடிந்த வீட்டுச் சாமான்களைக் காப்பாற்றியவர்களும் அவர்களே.

காரைக்குடியை அடுத்து தேவகோட்டை ரஸ்தா. போர்க்காலத் தட்டுப்பாட்டால் சென்னையில் மின்சாரம் கிடைக்காதபோது, காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் இங்கே கீற்றுக் கொட்டகை போட்டு ஏவி.எம். ஸ்டூடியோ நடத்தினார். 1947 பொங்கலையொட்டி வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்த படம். 1948-இல் ஸ்டூடியோ சென்னைக்கே திரும்பியது.

கல்லல், பனங்குடி என்று நிலையங்கள் கடந்து, வேலு நாச்சியாரும் மருதிருவரும் ஆண்ட சிவகங்கை. பிறகு மானாமதுரை. வைகைக் கரை மண்ணில் கடம் செய்யும் ஊர். மதுரையிலிருந்து மண்டபத்துக்கு 1902-இல் போட்ட பழைய பாதையோடு நம் பாதை இங்கே சேர்ந்து முடிகிறது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் முடிவாகும்வரை வீடுகள் காத்திருக்காது. காரைக்குடியில் இறங்குகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: பழம்பொருள் கடையில் செம்பு வாங்குங்கள், தூக்கு வாங்குங்கள். பெயர்த்தெடுத்த தூணையும் நிலையையும் வாங்காதீர்கள். விருந்தினர் விடுதியாக மாறி இன்னும் நிற்கிற ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கி, அந்தப் பணத்தை அங்கே கொடுங்கள்.