260க்கும் 280க்கும் இடையில ஒரு வீடு

குறுக்குவெட்டு எண்டால் வேறொண்டுமில்லை. ரோட்டைப் பாண் வெட்டிற மாதிரிக் குறுக்கால வெட்டிப் பார்க்கிற படம். நடு எவ்வளவு உயரம், வாய்க்கால் எவ்வளவு ஆழம் எண்டு அதில தெரியும்.

1982 இல யாழ்ப்பாணத்தில நான் இதைக் கையாலதான் பழகினனான். 20 மீற்றருக்கு ஒருக்கா டம்பி லெவலை வைச்சு, வேலியில இருந்து வேலி வரைக்கும் ஏழெட்டு இடத்தில ஸ்ராஃப் பிடிச்சு, பிறகு கிராஃப் தாளில கீறவேணும். ஒரு கிலோமீற்றருக்கு 51 வெட்டு! வெயிலுக்க நிண்டு அளக்கேக்க படலையடிக்கு ஒரு அம்மா வருவா. "தம்பி, ரோட்டை உயத்திப்போட்டியள் எண்டால் மாரிக்கு வெள்ளம் முழுக்க என்ர வளவுக்கதான் வரும்." அதையும் கொப்பியில குறிப்பம்.

கனடாவுக்கு அகதியாய் வந்து எட்டு வருசம் தொழிற்சாலையில இரவு வேலை. பிறகு திரும்பப் படிச்சு, ரொறன்ரோவுக்கு வெளியில ஒரு கொம்பனியில கீறுற வேலை எடுத்தன். அங்க சிவில் 3டி. நடுக்கோட்டுக்கு அலைன்மென்ற், ஏற்ற இறக்கத்துக்குப் புரொஃபைல். பிறகு அசெம்ப்ளி: 3.5 மீற்றர் லேன், 2 வீதச் சரிவு, தோள்பட்டை, வாய்க்கால். மூண்டையும் சேர்த்தால் கொரிடோர். அதுக்கு மேல 20 மீற்றருக்கு ஒரு சாம்பிள் லைன் போட்டால் 51 வெட்டும் தேத்தண்ணி ஆற முதல் வந்து நிக்கும். மண் கணக்கும் தானாய் வரும். முதல் நாள் எனக்கு அழுகைதான் வந்தது, சந்தோசமோ வேற என்னவோ.

2009 இல ஒரு ரோட்டில பள்ளம் ஒண்டைச் சீராக்க 45 சென்ரிமீற்றர் உயர்த்தியிருந்தம். படங்களை ஊர்ச்சனத்துக்குக் காட்டிற கூட்டத்தில ஒரு வயோதிபர் என்ர தாளை விரலால தடவித்தடவிப் பார்த்தார். 260 இல புல்லு, 280 இல புல்லு. "என்ர வீடு எங்க?" எண்டு கேட்டார்.

வீடு 268 இல. கராஜ் ரோட்டு விளிம்பில இருந்து 6 மீற்றர், ரோட்டை விடப் பதிவு. 4 வீதமாய் இருந்த அவற்றை டிரைவ்வே எங்கட வடிவமைப்பில 11 வீதத்துக்கு மேல போகுது. பனிக்காலத்தில அந்த மனுசன் காரை வெளியில எடுக்கேலாது. உருகிற தண்ணியும் நேரே கராஜுக்கதான். மென்பொருளில பிழையில்லை. முழு ரோட்டும் அதுக்குள்ள இருந்தது, 268 ஐ நான் வெட்டிப் பார்க்கேல்லை. அந்த ரோட்டில நான் ஒருநாளும் கால் வைச்சதுமில்லை.

வேலை போகப்போகுது எண்டுதான் நினைச்சன். மேலதிகாரி ஒண்டும் பேசேல்லை, "திருத்து" எண்டார், அவ்வளவுதான். புரொஃபைலை 25 சென்ரிமீற்றர் இறக்கினன். டிரைவ்வே 7 வீதத்துக்குக் கிட்ட வந்தது.

அதுக்குப் பிறகு சாம்பிள் லைன் போட முதல் சனிக்கிழமையில ஒருக்கா அந்த ரோட்டால நடந்திட்டு வருவன். டிரைவ்வே, மதகு எல்லாத்துக்கும் தனித்தனிக் கோடு. அந்த ரோட்டுக்கே 14 தாள் 19 ஆகிப்போச்சு. பிரின்ற் எடுக்கிற பெடியன் இண்டைக்கும் முறைக்கிறான்.