அக்கரையில் இருந்த நான்

 

போன வாரம் ஃபோன்ல எதையோ தேடினப்போ, நான் எங்கெங்க போனேன்னு அதுவே குறிச்சு வச்சிருக்கிற வரைபடம் கண்ணுல பட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி முழுக்க நான் லாங்சோ ஏரியோட வடகரையில இருந்திருக்கேனாம். சில்க்போர்க் ஊருக்குள்ளேயே நீளமாக் கிடக்கிற ஏரி அது. நான் குடியிருக்கிறது தென்கரை. அன்னிக்கு நல்ல காய்ச்சல். ரசம் வச்சுக் குடிச்சுட்டு அறையைவிட்டு நகராமப் படுத்திருந்தேன். சாட்சி? அந்த ரசப் பாத்திரம்தான் :-)

சிரிச்சுக்கிட்டே அப்பாகிட்ட சொன்னேன். "பாத்தா பாத்துட்டுப் போறாங்க, விடுடா. தப்பு பண்றவன்தான் பயப்படணும்"னார். எங்க தெருமுனையில கேமரா வச்சப்புறம் சங்கிலி அறுக்கிறவங்க வர்றதில்லைங்கிறது அவரோட அனுபவம். நானும் அதையே சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான்.

ஆனா 2019-இல் டென்மார்க்கில் நடந்ததைப் படிச்சப்புறம் அப்படிச் சொல்ல வாய் வரமாட்டேங்குது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு இங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி 2007 முதல், யார் யாரோடு எப்போது பேசினார்கள், ஃபோன் எந்தக் கோபுரத்தோடு தொடர்பில் இருந்தது என்பதையெல்லாம் தொலைபேசி நிறுவனங்கள் ஓராண்டு சேமித்து வைக்க வேண்டும். பேசின பேச்சு அதில் கிடையாது. நீதிமன்றத்தில் "அன்னிக்கு இவர் அங்கேதான் இருந்தார்" என்று காட்ட இது ஒரு ஆதாரம். 2019-இல்தான் தெரிந்தது, நிறுவனங்கள் தந்த தகவலைப் போலீசுக்குப் புரியும்படி மாற்றுகிற மென்பொருள் அதில் கொஞ்சத்தை விழுங்கியிருக்கிறது என்று. சில ஃபோன்கள் தப்பான கோபுரத்தோடும் முடிச்சுப் போடப்பட்டிருந்தன. ஆகஸ்டில் இரண்டு மாதத்துக்கு இந்த ஆதாரத்தை நிறுத்தி வைத்தார்கள். 2012 முதலான சுமார் 10,700 வழக்குகளைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. காவலில் இருந்த 30 பேருக்கு மேல் வெளியே விட்டார்கள்.

பாதுகாப்பே வேண்டாம்னு நான் சொல்லல. 2015 பிப்ரவரியில் கோபன்ஹேகனில் ஒரு கூட்டத்திலும் யூதர்களின் கோயில் வாசலிலும் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். பயம் நிஜம்தான். ஆனா எல்லோருடைய தகவலையும் ஒட்டுமொத்தமாச் சேமிப்பது கூடாதுன்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2016-லேயே சொல்லிடுச்சு. அப்புறமும் 2022-இல் இங்கே சட்டத்தைத் திருத்தி, நாட்டுக்குக் கடும் ஆபத்து என்றால் அப்படிச் சேமிக்கலாம்னு வச்சுக்கிட்டாங்க. நம்ம ஊரில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்க. அதிலும் அரசுக்குச் சில விலக்குகள் உண்டு.

எனக்கு உறுத்துறது ஒண்ணுதான். தப்பு பண்ணாதவனுக்குப் பயமில்லை, சரி. தப்பு பண்ணினது கம்ப்யூட்டரா இருந்தா? விசாவில் இருக்கிறவன், அரைகுறை டேனிஷ் பேசுறவன், "நான் அக்கரைக்குப் போகவே இல்லை"ன்னு எப்படி நிரூபிப்பேன்? சந்தேகப்படுறவரை நீதிமன்ற உத்தரவோட கண்காணிக்கட்டும். அப்படி எடுத்த பதிவை அவர் பார்த்து, "இது தப்பு"ன்னு சொல்லவும் வழி இருக்கட்டும். இதுகூட இல்லைன்னா எப்படிங்க?

இதையெல்லாம் அப்பாகிட்ட மூச்சுவிடாமச் சொல்லி முடிச்சேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக் கேட்டார்:

"அது இருக்கட்டும்.. அன்னிக்கு ராத்திரி நீ எங்கதான்டா போயிருந்த?"