பின்சீட்டைக் கேளுங்க பாஸ்!

பாண்டிச்சேரிக்கு பைக்ல பறக்கிற நம்ம பசங்க யாரும் கிளியனூர்ல நிக்கிறதில்லை. திண்டிவனம் தாண்டினா ஓமந்தூர். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதல்வரா இருந்த ஓமந்தூராரோட ஊர். அதைத் தாண்டி கிளியனூர். நாற்கர சாலையில ரெண்டு போர்டும் சர்ருனு பின்னாடி போயிடும்.

ஒரு நாள் நிறுத்திப் பாருங்க. இந்த ஊரோட பழைய பேர் திருக்கிளியன்னவூர். சம்பந்தர் பதிகம் பெற்ற சிவன் கோயில் இருக்கு. சாமி கும்பிட்டாச்சா? இப்போ மெயின் ரோட்டை விட்டு ஏதாவது ஒரு கிராமத்து ரோட்டுல இறங்குங்க, பின்னாடி ஃப்ரெண்டை உட்கார வெச்சுக்கிட்டு. வேகத்தடை, பேட்ச் ஒர்க், பள்ளம். உங்க வண்டியோட பின்பக்க ஷாக் அப்சார்பர் எப்படின்னு ஹைவே சொல்லாது, இந்த ரோடு சொல்லிடும். அதுவும் உங்ககிட்ட இல்லை, பின்சீட்டுகிட்ட. ஓட்டுறவருக்கு ஹேண்டில்பார் இருக்கு, பள்ளமும் முன்னாடியே தெரியும். பின்னாடி இருக்கிறவர் கிட்டத்தட்ட பின் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கார், பள்ளமும் தெரியாது. அடி நேரா முதுகுத்தண்டுலதான்.

ஷாக்குல ரெண்டு வேலை நடக்குது. ஸ்ப்ரிங் எடையைத் தாங்குது. உள்ளே இருக்கிற ஆயில், சின்ன ஓட்டைகள் வழியா நெருக்கிப் போய், ஸ்ப்ரிங்கோட ஆட்டத்தை அடக்குது. சீட்டை அமுக்கி விட்டுப் பாருங்க. ஒரு தடவை எழும்பி அடங்கினா ஓகே. ஊஞ்சல் மாதிரி ஆடினா, ராடுல ஆயில் கசிஞ்சிருந்தா, ஷாக் அவுட்.

கசிவு இல்லைன்னா உடனே கடைக்கு ஓடாதீங்க. ஒரு டேப் போதும். சென்டர் ஸ்டாண்டுல நிறுத்தி, பின் சக்கரம் தொங்கும்போது ஆக்ஸில் நட்டுலேர்ந்து சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரைக்கும் அளங்க. அப்புறம் ஸ்டாண்டை எடுத்துட்டு ரெண்டு பேரும் உட்காருங்க, மூணாவது ஆள் அதே அளவை எடுக்கட்டும். சக்கரம் மொத்தம் 100 மி.மீ. பயணிக்கிற வண்டின்னா, வித்தியாசம் 25-லேர்ந்து 33 மி.மீ.க்குள்ள இருந்தா நல்லது. அதிகமா அமுங்கினா, ஷாக்குல படிபடியா வெட்டின ரிங் ஒண்ணு இருக்கும், அதை ஸ்பானரால ஏத்துங்க. ரெண்டு பக்கமும் ஒரே படி! (ஒத்தை ஷாக் வண்டிக்கும் இதே கதைதான், கை நுழையறதுதான் கஷ்டம்.) கடைசிப் படி வரைக்கும் ஏத்தியும் அமுங்கினாத்தான் உங்க ஸ்ப்ரிங் பத்தலைன்னு அர்த்தம். அப்போ மாத்துங்க.

மாத்தும்போது நீளத்துல விளையாடாதீங்க. ‘லுக்கா இருக்கும் மச்சி’னு நீளமான ஷாக் போட்டா பின்பக்கம் தூக்கும், முன் ஃபோர்க் செங்குத்தாகி ஹேண்டில் படபடன்னு திரும்பும், செயின் தொய்வு மாறும், சைடு ஸ்டாண்டுல வண்டி கூடுதலா சாயும். பக்கத்துல உருளை ஒட்டிக்கிட்டு, அதுக்குள்ள ஒண்ணுமே இல்லாத ‘கேஸ்’ ஷாக்கும் விற்குது. என்னைக் கேட்டா, அந்தக் காசுக்கு பாண்டியில நல்லா சாப்பிடலாம்.

பின்பக்கத்துக்கு இவ்வளவு பில்டப்பானு சிரிக்காதீங்க. வீக் எண்டுல இதே ரோட்டுல வரிசையா போகுதே புல்லட், அதோட கதையே பின் ஷாக்குலதான் ஆரம்பிக்குது. 1948-ல, பின்பக்கம் ஆடினா சக்கரத்துக்குப் பிடிப்பு போயிடும்னு கரடுமுரடு பாதைப் போட்டிக்காரங்க நம்பின காலம். பெரும்பாலான பைக்குகளுக்குப் பின்னால ஸ்ப்ரிங்கே கிடையாது. ராயல் என்ஃபீல்டு ஆயில் ஷாக்கோட ஒரு புல்லட்டைப் போட்டியில இறக்கினப்போ பலரும் சந்தேகமாத்தான் பார்த்தாங்க. அதே வருஷம் இத்தாலியில நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில ரெண்டு புல்லட் தங்கப் பதக்கம் வாங்கிச்சு. சக்கரம் தரையை விடாம ஒட்டிக்கிட்டு ஓடுறதுக்குத்தான் ஷாக், சொகுசு அப்புறம்தான்னு உலகம் புரிஞ்சுக்கிச்சு. 1955-ல அந்த வண்டி நம்ம மெட்ராஸுக்கே வந்து திருவொற்றியூர்ல தயாராச்சு.

டெஸ்ட் முடிஞ்சதும் நேரம் இருந்தா அப்படியே திருவக்கரை போங்க. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லா மாறிக் கிடக்கு. அந்தப் பக்கம் கல் குவாரி, டிப்பர் லாரி அதிகம், ஜல்லி சிதறிக் கிடக்கும், மெதுவா போங்க. ஃப்ரெண்டை திண்டிவனத்துல பஸ் ஏத்திட்டுத் தனியா திரும்புறீங்கன்னா, அந்த ரிங்கைப் பழைய படிக்கே இறக்கிடுங்க. இல்லேன்னா வீடு வரைக்கும் வண்டி குதிச்சுக்கிட்டே வரும்.